கடிதவழி வைத்தியம்



நோயுற்றவன் வைத்தியரை நாடிச் செல்கிறான். அன்றேல் வைத்தியர் நோயாளியின் இல்லம் தேடி வருகிறார். இவ்விரண்டும் நாம் அறிந்த வழக்கங்கள். நோயாளி ஓர் ஊரிலும் வைத்தியர் பன்னூறு மைலுக்கு அப்பாலும் இருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, ஒரு தாளில் நோயும் மறு தாளில் மருந்துமாக வைத்தியம் நடந்த காலமும் உண்டு. அவ்வழக்கம் எவ்வாறு நடைபெற்றது, நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அது என்ன வடிவம் கொண்டது, அதிலிருந்து நாம் இன்று கொள்ளத்தக்கது யாது என்பனவற்றைச் சிறிது நேரம் சிந்திப்போம்.

இவ்வழக்கம் மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழோடு விளங்கிய கலென் என்னும் கிரேக்க வைத்தியர், வலிப்பு நோயுற்ற ஒரு சிறுவனுக்காக எழுதிய நீண்ட அறிவுரைக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. சிறுவன் எப்போது எழ வேண்டும், என்ன உண்ண வேண்டும், எவற்றை விலக்க வேண்டும் என்பனவெல்லாம் அதிலே அடங்கியிருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வைத்தியம் கற்பித்த தத்தேயோ அல்தெரொத்தி என்பவர், தனித்தனி நோயாளருக்கு எழுத்தில் வழங்கிய ஆலோசனைகளைத் தொகுத்து வைத்தார். பின்வந்த வைத்திய ஆசிரியர்கள் பலர் அம்முறையைப் பின்பற்றினர். ஒரு நோயாளிக்கு எழுதிய விடை, நூறு மாணவருக்குப் பாடமாயிற்று.

ஆயினும் கடிதவழி வைத்தியம் தழைத்தோங்கியது பதினெட்டாம் நூற்றாண்டிலேதான். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் வைத்தியப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் கலன் என்பவர் 1710 ஆம் ஆண்டு பிறந்து 1790 ஆம் ஆண்டு மறைந்தவர். அவருக்கு நோயாளரும், அவர்தம் உறவினரும், ஊர் வைத்தியரும் எழுதிய கடிதங்களும், அவர் எழுதிய மறுமொழிகளுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை எடின்பரோ வைத்தியர் கல்லூரியிலே பேணப்பட்டுள்ளன. மறுமொழிகள் எவ்வாறு எஞ்சின என்று நீங்கள் வினவலாம். எழுதியனுப்பிய கடிதம் எழுதியவரிடம் இராதன்றோ? நீராவி இயந்திரத்தால் நாம் அறிந்த ஜேம்ஸ் வாட், எழுத்தைப் படியெடுக்கும் பொறி ஒன்றையும் ஆக்கினார். மை உலராத கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், மை அத்தாளிலும் இடவலம் மாறிப் பதியும். தாள் மெல்லியதாகையால் மறுபுறத்திலிருந்து நேராக வாசிக்கலாம். கலன் 1781 ஆம் ஆண்டு முதல் இப்பொறியைக் கையாண்டார். நோயாளிக்குத் தாம் கூறியதைத் தம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி அவருக்கு இருந்தது.

நோயாளியைத் தொட்டுப் பாராமல் வைத்தியம் செய்வது எங்ஙனம் இயலும்? அக்கால ஐரோப்பிய வைத்தியர் நோயாளியின் உடலை இக்காலத்தார் போல ஆராய்ந்தவர் அல்லர். நெஞ்சொலி கேட்கும் குழல் 1816 ஆம் ஆண்டிலேதான் பிரான்சிலே லெனெக் என்பவரால் ஆக்கப்பட்டது. அதற்கு முன்னர், வைத்தியருக்குப் பெருந்துணை நோயாளியின் வாய்மொழியே. அவ்வாய்மொழி காதால் கேட்கப்பட்டாலென்ன, கண்ணால் வாசிக்கப்பட்டாலென்ன? கலன் தம் விடைகளிலே மருந்தின் பெயரோடு நில்லாது, உணவு, உடை, உலாவுதல் முதலியவற்றையும் விரித்து எழுதினார். நாட்பட்ட நோய்களுக்கு இம்முறை ஓரளவு பொருந்தியது. கடுஞ்சுரத்துக்கும் பேதிக்கும் பொருந்தவில்லை. மறுமொழி வந்து சேருமுன் நோயாளி ஒன்றில் எழுந்து நடப்பான், அன்றேல் அடக்கமாகியிருப்பான்.

அதே காலத்தில் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த திசோ என்னும் வைத்தியரையும் இங்கே நினைத்தல் வேண்டும். அவர் 1761 ஆம் ஆண்டு பொதுமக்களின் உடல் நலத்துக்கென ஒரு நூல் வெளியிட்டார். அது பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. வைத்தியர் இல்லாத நாட்டுப்புற மக்களுக்கு அந்நூலை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று கூறுமிடத்து, ஊர்க் குருமாரோடு பள்ளிக்கூட ஆசிரியரையும் அவர் சேர்த்துக் கொண்டார். நூலின் இறுதியிலே, வைத்தியரை ஆலோசிப்போர் விடை கூற ஆயத்தமாயிருக்க வேண்டிய வினாக்களை வரிசைப்படுத்தினார். நோயாளிக்கு வயது என்ன? முன்னர் நலமாக இருந்தவரா? என்ன தொழில் செய்பவர்? நோய் எப்போது, எவ்வாறு தொடங்கிற்று? சுரம் உண்டா? வலி எவ்விடத்தில்? பசியும் உறக்கமும் எப்படி? மலசலம் ஒழுங்காகக் கழிகிறதா? இதுவரை உட்கொண்ட மருந்து யாது? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வினாக்கள் உண்டு. ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன் எழுந்த இவ்வினாக்களுள் இன்றைய வைத்தியர் வேண்டாவென்று ஒதுக்கக்கூடியது ஒன்றேனும் இல்லை.

இனி நம்மவர் நிலையைப் பார்ப்போம். தமிழ் வைத்தியத்திலே நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என நோயறியும் வழிகள் எட்டு. இவற்றுள் நாடிக்கே முதலிடம். நாடியைக் கடிதத்தில் மடித்து அனுப்ப முடியாது. ஆகவே நம் வைத்தியர் நோயாளியின் அருகே அமர்ந்து கைபிடித்துப் பார்ப்பதையே முறையாகக் கொண்டனர். நோயாளி வர இயலாதபோது ஆளனுப்பி வைத்தியரை அழைப்பித்தனர். அவ்வாறு வரும் தூதனுக்குச் சுசுருத சங்கிதையிலே தனிப் பகுதியே வகுக்கப்பட்டுள்ளது. அவன் வந்த நேரம், நின்ற நிலை, பேசிய சொல் ஆகியவற்றைக் கொண்டு நோயின் போக்கை உய்த்துணரலாம் என்பது அக்கால நம்பிக்கை. அந்நிமித்தங்களை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும், நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே நிற்பவன் எவ்வளவு இன்றியமையாதவன் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அயலிருந்து உதவுபவனையும் வைத்தியத்தின் ஓர் அங்கமாக எண்ணினார்.

எழுத்திலே தமிழ் வைத்தியத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றவர்கள் தரங்கம்பாடி மிசனரிமார். 1706 ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவும், அவருக்குத் துணையாக வந்த கிருண்டலரும் தமிழறிஞரிடம் கடித மூலம் பல வினாக்களைக் கேட்டு விடை பெற்று, அவற்றை ஜெர்மன் மொழியிலே பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். கிருண்டலர் 1711 ஆம் ஆண்டிலே தமிழரின் வைத்திய முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அங்கிருந்து மருந்துகள் கப்பலிலே இங்கு வந்தன. இங்கிருந்து வைத்திய அறிவு தாளிலே அங்கு சென்றது. கப்பல்கள் பல மாதங்கள் கடலிலே மிதந்த காலமாகையால், போன கடிதத்துக்கு விடை காண நெடுநாள் காத்திருந்தனர்.

ஈழத்திலே எழுத்தும் வைத்தியமும் இணைந்த பெருங்கதை மானிப்பாயிலே நிகழ்ந்தது. அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிலே 1822 ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர், 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். இடையிலே சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டும் வந்து, 1873 ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். அவர் அறுபதுக்கு மேற்பட்ட மாணவருக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், 1864 ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். ஊரில் உள்ளோருக்குப் பணி செய்ய வேண்டிய வைத்தியன் ஊராரின் மொழியிலே கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண வைத்தியம் 1867 ஆம் ஆண்டிலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872 ஆம் ஆண்டிலும் அவர் முயற்சியால் தமிழிலே வெளிவந்தன.

உடல் நலங்குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓய்ந்தாரில்லை. வூஸ்ரரிலிருந்து யாழ்ப்பாணத்து மாணவரோடு கடிதத் தொடர்பு கொண்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875 ஆம் ஆண்டிலும், மனுஷ சுகரணம் 1883 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பனி பெய்யும் ஓர் அமெரிக்க ஊரிலே அமர்ந்து ஒருவர் நுரையீரலுக்கும் நரம்புக்கும் தமிழ்ச்சொல் தேடினார். தபால் அச்சொற்களைக் கடல் கடந்து சுமந்தது. 1884 ஆம் ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதையே தம் கல்லறையிலே பொறிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

யாழ்ப்பாணத்திலே நோயாளியின் மொழியை வைத்தியத்தின் மொழியாக்கும் முயற்சி இவ்வாறு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மலைநாட்டிலே வேறொரு வரலாறு உருவாகிக் கொண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கென்று திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாக வந்தனர். மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பேதியும் அம்மையும் வழிநெடுக உயிர்களைக் கொண்டன. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 ஆம் ஆண்டிலே. லூல்கந்துறையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டிலே. நாவலப்பிட்டிக்கு 1874 ஆம் ஆண்டிலும், அற்றனுக்கு 1884 ஆம் ஆண்டிலும், நானுஓயாவுக்கு 1885 ஆம் ஆண்டிலும் இரும்புப்பாதை எட்டியது. அதுவரை ஒரு வைத்தியரை மலைமேல் வரவழைப்பதென்றால் குதிரைப் பாதையே கதி. தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் டெயிலரே 1892 ஆம் ஆண்டு தம் தோட்டத்திலே வயிற்றுளைச்சலால் மாண்டார். துரையின் நிலை இதுவானால், லயத்தறையிலே சுருண்டு கிடந்த தொழிலாளியின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென முதற் சட்டம் 1872 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பின்னர் அது பலமுறை திருத்தமுற்று, 1912 ஆம் ஆண்டிலே விரிவான சட்டமாக அமைந்தது. தோட்டத்திலே நேரும் நோய்களை அறிந்திருத்தலும், கடும் நோயானால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவித்தலும் துரையின் கடமையென அது விதித்தது. அறிவித்தல் என்றால் எழுதியனுப்புதல். ஆக, நம் மலைகளிலும் கடிதவழி வைத்தியம் ஒரு வகையில் புகுந்தது. ஆனால் எடின்பரோவுக்கு எழுதிய நோயாளி தன் நோயைத் தானே எழுதினான். அற்றனிலும் திம்புலையிலும் நோயாளிக்காகப் பிறர் எழுதினர்.

அந்த எழுத்து எத்தனை கை மாறியது என்று பாருங்கள். மனைவிக்கு வருத்தமென்று கணவன் பெரட்டுக்களத்திலே கங்காணியிடம் சொல்வான். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். செய்தி அங்கிருந்து ஆபீசுக்குச் செல்லும். துரை ஒரு சிறு தாளிலே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுவார். அச்சீட்டோடு நோயாளி மருந்துச்சாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ செல்ல வேண்டும். அங்கே அதனை வாசிப்பவர் மருந்து கொடுப்பார். நோயாளி சொன்னதோ தமிழில். தாளில் ஏறியதோ ஆங்கிலத்தில். நெஞ்சைப் பிசைகிறது என்றாள். நெஞ்சு வலி என்று எழுதப்பட்டது. அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றாள். வயிற்று வலி என்று எழுதப்பட்டது. கை கால் உளைகிறது, தலை கிறுகிறுக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்று அவள் சொன்னவை எழுதப்படாமலே விடப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடையிலே எத்தனையோ உயிர்கள் நழுவியிருக்கக் கூடும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். பெண்களுக்கே உரிய நோய்கள் உள. அவற்றைக் கணவனிடம் கூறவே நாணும் பெண், கங்காணி வாயிலாகவும் கணக்கப்பிள்ளை வாயிலாகவும் எவ்வாறு தெரிவிப்பாள்? தெரிவியாமலே கொழுந்து பறித்தாள். மலைநாட்டிலே துண்டு என்னும் சொல்லைக் கேட்டால் முதியோர் பெருமூச்சு விடுவர். கடனை அடைத்தாலன்றித் தொழிலாளியை விடுவியாத சீட்டு அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைக் கணக்காக எழுதிய காலத்துத் தாள்கள், நோயை அவ்வளவு கவனமாக எழுதவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் லயங்களிலே தோன்றிய பிறகு நிலை சிறிது மாறிற்று. தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கடிதம் எழுதுவிக்க வருவோர் பலர். ஊருக்கு எழுதும் கடிதங்களிலே நலம் விசாரிப்புக்கு அடுத்த செய்தி பெரும்பாலும் நோயைப் பற்றியதே. காலையிலே தப்பால்காரர் பையோடு தோட்டத்து வழியாக இறங்குவார். அப்பையிலே துரையின் கணக்குகளோடு ஏழையின் இருமலும் செல்லும். இந்தியாவிலே பணங்கொடுத்துப் பெறும் தபால் முறை 1877 ஆம் ஆண்டு ஏற்பட்ட பின்னர், அங்கே தபால் மூலம் மருந்து வாங்குவதும் பரவியது. மலையாள நாட்டின் கோட்டக்கல்லிலே 1902 ஆம் ஆண்டு பி. எஸ். வாரியர் நிறுவிய ஆரிய வைத்தியசாலை, நோயின் குணங்களை எழுதியனுப்புவோருக்குத் தபாலிலே ஆலோசனையும் மருந்தும் வழங்கிப் புகழ் பெற்றது. எழுதத் தெரிந்தவனுக்கு வைத்தியர் அண்மையில் வந்தார். எழுதத் தெரியாதவனுக்கு அவர் அதே தொலைவிலே நின்றார்.

இவையெல்லாம் பழங்கதை; இன்று வீதிகள் உள, வாகனங்கள் உள, தொலைபேசி உண்டு என்று சிலர் கருதலாம். டிக்கோயாக் கிளங்கனிலே புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் 2017 ஆம் ஆண்டு திறக்கப்பட்டதும் உண்மையே. ஆயினும் 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களை மறந்துவிட முடியாது. மாதந்தோறும் ஆஸ்பத்திரியிலே மருந்து பெறுவோருக்கு அம்மருந்துகளைத் தபாற் சேவகரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தனர். நூறாண்டுக்கு முற்பட்டதென்று நாம் எண்ணிய வழக்கம் ஒரே வாரத்தில் மீண்டது. ஆபத்து வந்தால் உதவுவது தாளும் தபாலுமே என்பது அப்போது தெளிவாயிற்று.

அதற்கும் மேலாக, நோயாளியின் சொல் தாளில் ஏறும்போது தேய்ந்துவிடும் குறை இன்னும் முற்றாக நீங்கவில்லை. தம் கையிலுள்ள சிகிச்சை அட்டையிலே என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்க முடியாத தாய்மார் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் மொழியிலே அது எழுதப்படுவதில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கிலே மருந்து உண்போர், எம்மருந்து எதற்கென்று அறியாமலே உண்கின்றனர். வெள்ளைக் குளிசை காலையில், மஞ்சட் குளிசை இரவில் என்ற அளவிலே அவர்கள் அறிவு நிற்கிறது. குளிசையின் நிறம் மாறினால் குழப்பம் நேருகிறது. இது அவர்கள் குற்றம் அன்று. ஆனால் இதனால் வரும் தீங்கு அவர்கள் உடலுக்கே.

இதற்கு நாம் செய்யக்கூடியது யாது? அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெறுவது ஒருபுறம் இருக்கட்டும். பள்ளிக்கூடங்களிலே செய்யக்கூடியதொன்று உண்டு. நாம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். விடுமுறை கேட்டு அதிபருக்குக் கடிதம்; சுற்றுலாச் சென்றதை விவரித்து நண்பனுக்குக் கடிதம். இவற்றோடு, வீட்டிலே நோயுற்றிருக்கும் ஒருவரின் நிலையை வைத்தியருக்கு எடுத்துரைக்கும் கடிதத்தையும் கற்பித்தாலென்ன? திசோ வகுத்த வினாக்களையே சுருக்கி, ஆறு வரியிலே அமைக்கலாம். நோயாளியின் வயதும் தொழிலும் ஒரு வரி. நோய் தொடங்கிய நாள் ஒரு வரி. நோயாளி கூறும் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுவது ஒரு வரி. உணவு, உறக்கம், மலசலம் பற்றி ஒரு வரி. இதுவரை உண்ட மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஒரு வரி. பரம்பரையிலும் முன்னரும் இருந்த நோய்கள் ஒரு வரி. ஆறாம் வகுப்புப் பிள்ளை இதனை ஒரு பாடவேளையிலே கற்றுக்கொள்ளும்.

இவற்றுள் மூன்றாவது வரியே உயிர் போன்றது. பாட்டி நெஞ்சைப் பிசைகிறது என்று சொன்னால், பிள்ளை நெஞ்சைப் பிசைகிறது என்றே எழுத வேண்டும். அழகுபடுத்தலாகாது, சுருக்கலாகாது. தாயின் உடல் பற்றிய செய்தியை மகள் எழுதினால், அதனை மூடிய உறையிலே தாயின் கையிலே கொடுக்க வேண்டும். பிறர் இரகசியத்தைக் காப்பதும் எழுத்தறிவின் ஒரு பகுதியே. தமிழறியாத வைத்தியரிடம் செல்லும்போது அத்தாளை உடனிருக்கும் தாதியோ மொழியறிந்த வேறொருவரோ வாசித்துச் சொல்லலாம். நோயாளி அச்சத்தாலோ நாணத்தாலோ பேச மறந்தாலும், தாள் மறவாது.

எடின்பரோவின் கலனுக்கு எழுதியோருள் செல்வர் பலர். அவர்களுக்கு எழுத்தும் ஓய்வும் இருந்தன. மலைநாட்டுத் தொழிலாளிக்கு அக்காலத்தில் இரண்டும் இல்லை. இன்று அவர் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பையிலே பேனா இருக்கிறது. துரையும் கணக்கப்பிள்ளையும் இடைநின்ற இடத்திலே இனி அப்பிள்ளை நிற்கலாம். தன் தாயின் நோவைத் தாயின் சொல்லிலேயே எழுதி வைத்தியரின் மேசையிலே வைக்கும் அந்த ஒரு தாள், நூற்றாண்டுக் காலம் நம்மவர் வாய்க்கும் வைத்தியரின் செவிக்கும் இடையே கிடந்த தொலைவைக் குறைக்கும்.